தலைவர் உள்ளே வேலையா இருக்காரு

இல்லம்மா, பொய் சொல்லல. தலைவர் உள்ளதான் இருக்காரு. கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது பாருங்க. ஆனா இப்ப விட முடியாது. முக்கியமான வேலையா இருக்காரு.

என்ன வேலையா? நகரசபைத் தலைவருக்கு என்ன வேலை இருக்கும், நகர வேலைதான். பாலம் கட்டிட்டு இருக்காரு.

இந்த ஊர்ல எங்க பாலம்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. சரி, நீங்களும் நாலாவது தடவையா வர்றீங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது. அந்த பெஞ்சு வேணாம், கால் ஆடும். இந்த நாற்காலில உக்காருங்க. சொல்றேன். பாலம் இங்க இல்லம்மா. கம்ப்யூட்டருக்குள்ள.

ஆமா. விளையாட்டு. வீடியோ கேம்.

மெதுவா, மெதுவா. சத்தம் உள்ள கேக்கும். கேட்டா மட்டும் என்ன, வெளிய வரவா போறாரு? ஆனாலும் மெதுவா பேசுங்க.

நல்ல மனுஷன்மா அவரு. நான் இந்தக் கதவுக்கு வெளிய, இதே மேசையில பத்தொன்பது வருஷமா இருக்கேன். தனி உதவியாளர்னு பலகை. பையை வாங்கி வைக்கறது, ஃபைலை உள்ள கொண்டுபோறது, வெளிய கொண்டுவர்றது, அவ்வளவுதான் என் தனித்தன்மை. நாலு தலைவரப் பாத்துட்டேன். அதுல கெட்ட எண்ணமே இல்லாத ஒரே ஆளு இவருதான். செருப்புக்கடை வச்சிருந்தவரு. இன்னிக்கும் யாரு வந்தாலும் மொதல்ல காலத்தான் பாப்பாரு. ஓட்டுக் கேட்டு வந்தப்பகூட அப்படித்தான் குனிஞ்சே நின்னாரு. ஜனங்க அதைப் பணிவுன்னு நெனச்சுப் போட்டுட்டாங்க.

மொதக் கூட்டம் நடந்துச்சு. குப்பை அள்ள வண்டி வரலன்னு ஒரு அம்மா வீட்டுலேர்ந்தே குப்பைப் பையை எடுத்துட்டு வந்து, மேசைமேல, அவரு முன்னாடி, கவுத்துட்டாங்க. அப்படியே. மீன் செதில் வேற. மனுஷன் அழலையே தவிர மத்ததெல்லாம் ஆச்சு. ரெண்டு நாள் ஆபீஸ் பக்கமே வரல. மூணாம் நாள் வந்தாரு, கக்கத்துல ஒரு லேப்டாப்பு. அவரு மக குடுத்ததாம். அப்பா, இதுல நீங்க ஒரு நகரத்துக்கு மேயர், இதுல கொஞ்ச நாள் பழகுங்க, பயம் தெளிஞ்சுரும்னு சொல்லிக் குடுத்திருக்கு. பாவம், நல்லதுக்குத்தான் குடுத்துச்சு.

பயமெல்லாம் தெளிஞ்சுருச்சும்மா. அங்க.

நான் பாத்திருக்கேனே. ஃபைலோட நின்னு நின்னு கால் வலிக்கும், திரைய பாக்காம என்ன செய்யறது? அழகான ஊரு. ஆறு ஓடுது. ஜனங்க எறும்பு மாதிரி போறாங்க வர்றாங்க. ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு குட்டி மூஞ்சி மிதக்கும். சந்தோஷமா இருந்தா பச்ச, சிரிக்கும். ஏதாவது கொறைன்னா செவப்பு. சும்மா சொல்லக்கூடாது, ஒரு செவப்பு மூஞ்சி வந்துட்டா நம்ம தலைவருக்கு சாப்பாடு எறங்காது. ஒரு நாளு பழம் விக்கற ஒருத்தன் செவப்பாயிட்டான். என்னடான்னு போய் அழுத்திப் பாத்தா, பஸ்ஸுக்கு நிக்கறப்ப நனையறானாம். ஒன்பது நிமிஷம்மா. ஒன்பதே நிமிஷத்துல அவனுக்கு நிழற்குடை போட்டுட்டாரு. விளக்கு வச்சு, உக்கார பலகை வச்சு. அவன் பச்சையானதும் என்னைத் திரும்பிப் பாத்து, ஒரு உயிரு நிம்மதியாச்சுப்பான்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

நம்ம ஆபீஸ் வாசல்ல இருக்கற நிழற்குடையா? கூரை போன மழைக்கே விழுந்துருச்சு. நீங்களும் அங்கதான நனைஞ்சீங்க இன்னிக்கு. தெரியுது, முந்தானையப் பிழிஞ்சுட்டு வந்தீங்க. என்ன பண்றது, உங்க தலைக்கு மேல ஒண்ணும் மிதக்கலையே.

ஒரு தடவ சந்தைக்காரங்க நூறு பேரு வாசல்ல வந்து நின்னு கோஷம் போட்டாங்க. சாக்கடை அடைச்சுக்கிட்டு ஒரு மாசமாச்சு, அவங்க என்ன செய்வாங்க. நான் ஓடிப்போய் ஐயா, ஜனங்க கொதிச்சுப் போய் நிக்கறாங்கன்னேன். பதறி எழுந்தவரு, எந்த ஜனங்கன்னு கேட்டாரு. வெளிய நிக்கற ஜனங்கய்யான்னேன். அப்பாடான்னு உக்காந்துட்டாரு. அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போப்பா, இங்க தேர்தல் வருதுன்னு திரையைக் காட்டினாரு.

மனசாட்சி இல்லன்னு சொல்லாதீங்க. அந்தத் தேர்தல்ல தோத்துருவோமோன்னு பத்து நாளு மனுஷன் எளைச்சே போயிட்டாரு.

அப்ப ஃபைலெல்லாம் எப்படி நகருதுன்னு கேக்கறீங்க. கெட்டிக்காரங்கதான் நீங்க. இதுவரைக்கும் யாரும் அதைக் கேக்கல.

ஆஸ்பத்திரித் தெருவுல தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சே, ஞாபகம் இருக்கா? ஆமா, போன வருஷக் கடைசியில. பிரசவ வார்டுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. நர்ஸம்மா ஒருத்தங்க காலி வாளியோடயே இங்க வந்து நின்னாங்க. இஞ்சினியர் கையில ஃபைலு, புது மோட்டார் வண்டியில ஏத்தித் தயாரா இருக்கு, ஒரு கையெழுத்துதான் பாக்கி. உள்ள போனேன். திரையில வெள்ளம். ஆத்துல தண்ணி ஏறி நாலு தெரு முழுகுது, இவரு ஒவ்வொருத்தரா தூக்கிக் கரையேத்திட்டு இருக்காரு. ஐயா, கையெழுத்துன்னேன். ஆளு செத்துட்டு இருக்கான், கையெழுத்தாம், நீயே பாத்துக்கன்னு கையை ஆட்டினாரு.

பாத்துக்கன்னா என்னம்மா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. வெளிய வந்தேன். இஞ்சினியர் பாக்கறாரு. நர்ஸம்மா பாக்கறாங்க. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு ஃபைலை எடுத்துட்டு அந்த பீரோவுக்குப் பின்னாடி போனேன். அவரு கையெழுத்து ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, சுவத்துல ஏற முடியாம திரும்பி எறங்கற பூச்சி மாதிரி இருக்கும். போட்டேன். முத்திரை என் மேசையிலதான் இருக்கு. வெளிய வந்து குடுத்தேன்.

அன்னிக்கு சாயங்காலம் வேணும்னே அந்தத் தெரு வழியா நடந்து போனேன். குழாயத் தொறந்தேன். தண்ணி வந்துச்சு. தாகமே இல்ல, ஆனா குடிச்சேன். என்னால வந்த தண்ணிம்மா அது. வீட்டுல டிவி எந்தச் சேனல் ஓடணும்னு முடிவு பண்ற உரிமைகூட எனக்குக் கெடையாது. மச்சினன் கல்யாணத்துக்குப் போறதா வேணாமான்னு எங்கிட்ட கேக்காமயே பெட்டி கட்டி வச்சிருப்பாங்க. அப்படிப்பட்டவன் ஒரு ஆஸ்பத்திரிக்கே தண்ணி விட்டிருக்கேன்.

அப்புறம் என்ன, தெருவிளக்கு வந்துச்சு, அது அவசரம்தான. பள்ளிக்கூடத்துச் சுவரு, அதுவும் அவசரம். ஒரு விதவை அம்மாவுக்குத் தையல் கடை லைசென்ஸ். அப்படியே போச்சு. எட்டு மாசமா இந்த ஊரு சுத்துது இல்ல? யாரு சுத்தினதுன்னு நெனச்சீங்க?

அவருக்குத் தெரியுமாவா? ஒரு நாளு பழைய ஃபைல் ஒண்ணை எதேச்சையா பொரட்டினாரு. கையெழுத்தைப் பாத்தாரு, உத்துப் பாத்தாரு. நான் கதவு எவ்வளவு தூரம்னு பாத்தேன். கடைசில, என் கையெழுத்து இப்பல்லாம் நல்லா திருந்தியிருக்கு இல்லன்னு கேட்டாரு. ஆமாங்கய்யான்னேன்.

தப்புதான். தப்பில்லன்னு நான் எங்க சொன்னேன்? நீங்க போய் புகார் எழுதிப் போட்டா எனக்கு வேலை போகும், உள்ளயும் தள்ளுவாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன்.

அந்தத் தாளை எடுக்க வேணாம்மா, பைக்குள்ளயே வைங்க, ஈரமாயிரும். என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடம். வாசல்ல மூணு படி, உங்க வீட்டுக்காரரோட சக்கர நாற்காலி எறங்க முடியல, படிக்குப் பதிலா சிமெண்டுல ஒரு சரிவு வச்சுக்கறோம், நடைபாதையில ரெண்டு அடி வேணும். செலவு எங்களது, அனுமதி மட்டும் குடுங்க. கீழ பதிலு: பொது நடைபாதைக்கு இடையூறு என்பதால் நிராகரிக்கப்படுகிறது. ஒரு வரி.

நீங்க கேக்கறது சரி. ஊருக்கெல்லாம் நான் போட்டா, இதை மட்டும் அவரு எப்ப பாத்தாரு, எதுக்கு முடியாதுன்னாரு?

எங்க எழுந்திருக்கறீங்க? கதவைத் தட்டாதீங்கம்மா. தட்டினாலும் அவரு முழிப்பாரு. உங்க காலைப் பாப்பாரு. அவரு உங்க மனுவை தொட்டதேயில்ல. முடியாதுன்னு எழுதினது நான்.

ஆமா. நாந்தான்.

இடையூறா? ஒரு இடையூறும் இல்லம்மா. ஞாயித்துக்கெழம நானே டேப்பு எடுத்துட்டு வந்து உங்க வாசல்ல அளந்தேன். சரிவு போக, ரெண்டு பேரு கைகோத்துட்டுப் போற அளவுக்கு எடம் மிச்சம் இருக்கு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க போல. உங்க வீட்டுக்காரரு ஜன்னலோரம் உக்காந்திருந்தாரு. ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். ரொம்ப நன்றிங்க, வெளிய எறங்கி ஒன்பது மாசமாச்சுன்னாரு. பரவால்ல, ஆயிரும்னுட்டு வந்தேன்.

வந்து திங்கக்கெழம காலையில எழுதினேன்.

ஏன்னு கேட்டா என்ன சொல்ல. அதுக்கு முந்தின வாரம் பதினோரு பேருக்கு சரின்னு போட்டிருந்தேன். பதினோரு பேரும் தாளை வாங்கிட்டு என்னைத் தாண்டி அந்தக் கதவைப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க. ஒருத்தரு தாளைச் சரிபாக்கற வரைக்கும் குடையைப் பிடின்னு என் கையில குடுத்தாரு. பன்னெண்டாவது உங்களோடது. சும்மா, முடியாதுன்னு போட்டா எப்படி இருக்கும்னு பாத்தேன். பேனா பாதியில நிக்கும்னு நெனச்சேன். நிக்கல.

மறுநாளு நீங்க வந்தீங்க. இதே எடத்துல உக்காந்து, என் மூஞ்சியப் பாத்துப் பேசினீங்க. உங்க வீட்டுக்காரரு கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்தது, டாக்டரு சொன்னது, தூக்கி எறக்கறதுக்கு எதிர்வீட்டு அண்ணன் தம்பியக் கெஞ்சறது, அதுக்குக் கூச்சப்பட்டு அவரு வெளியவே வேணாம்னது, எல்லாம் எங்கிட்ட சொன்னீங்க. நடுவுல நான் தண்ணி குடிச்சப்பகூட, குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருந்தீங்க. பத்தொன்பது வருஷத்துல இந்த மேசைக்கு முன்னாடி யாரும் அவ்வளவு நேரம் உக்காந்ததில்லம்மா. அடுத்த வாரமும் வந்தீங்க. அதுக்கடுத்த வாரமும். சரின்னு போட்டிருந்தா வந்திருப்பீங்களா?

திட்டுங்க. திட்டலாம். நியாயம்தான்.

போட்டுத் தர்றேன். மாட்டேன்னா சொன்னேன்? இப்பவே போட்டுத் தர்றேன், ரெண்டு நிமிஷ வேலை. பேனா இருக்கு, முத்திரை இருக்கு. எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. உங்க வீட்டுக்காரரு நேத்து ராத்திரி சாப்பிட்டாரா, மொதல்ல அதைச் சொல்லுங்க.