ஆறு மாதக் கூரை

டொம்.

ஒரே ஒரு சத்தம். பிறகு சீறல். "படுங்கோ! படுங்கோ!" என்று யாரோ கத்துகிறார்கள். படுக்கிறோம். சொல் காதில் ஏறுமுன் உடம்பு படுத்துவிட்டது. முகம் தரையில். வாய் திறந்தபடி. காதுகளில் விரல். என் கணவர் யோகராசா எங்கள் மகள் துளசியைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் கிடத்துகிறார். துளசி எட்டு மாதக் கர்ப்பிணி. வயிறு அழுந்தாமல் ஒருக்களித்துக் கிடக்கிறாள். இவர் முழங்கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி அவள்மேல் கவிழ்ந்துகொள்கிறார். வெளியே காற்று. மழை. மேலே இரும்பு வளைகிற சத்தம். நீளமாக, கிறீச்சென்று. இது ஷெல் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் நான் எழும்பவில்லை.

இது வன்னி இல்லை. ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரைத் தாண்டி இருக்கிற எங்கள் அகதி முகாம். வெடித்தது டிரான்ஸ்ஃபார்மர். கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. புயல் வருகிறது என்று காலையிலிருந்து டிவி சொல்லிக்கொண்டிருந்தது. மதியச் சோறு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

என்னிடம் போரைப் பற்றிக் கேட்க ஆட்கள் வருவார்கள். மாணவர்கள், செய்திக்காரர்கள். ஷெல் எப்படி விழுந்தது, எப்படித் தப்பினீர்கள், சொல்லுங்கள் என்பார்கள். சொல்லியிருக்கிறேன். வெள்ளானூரில் கூரை எப்படி விழுந்தது என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

படுப்பதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஊரில் முதலில் தூரத்தில் "டொக்" என்று கேட்கும். அது ஷெல் புறப்படும் சத்தம். பிறகு விசில். விசில் நீண்டு போனால் அது வேறு யாருக்கோ. விசில் சட்டென்று நின்றால் படுக்க வேண்டும். சிதறும் இரும்பு இடுப்பு உயரத்தில் வரும். ஓடுகிறவனைத்தான் வெட்டும். என் அண்ணன் ஓடினான். நான் வாய்க்காலில் படுத்தேன். அவன் பனைமரத்தடியில் கிடந்தான். நான் எழுந்து நடந்தேன்.

இன்னொன்றும் பழகினோம். பதுங்குகுழி. பனங்குற்றி, அதாவது பனைமரத் துண்டுகள் போட்டு மூடி, அதன்மேல் கோதுமை மாச் சாக்கில் மணலை நிரப்பி அடுக்குவோம். செங்கல் அடுக்குவதுபோல, ஒன்றின் இடைவெளிமேல் இன்னொன்று. எத்தனை வரிசை மணல் இருக்கிறதோ அத்தனை நிம்மதி. இரண்டு வரிசைக்குக் கீழே தூக்கம் வராது. மூன்று வரிசை என்றால் குழந்தைகள்கூடத் தூங்கிவிடும். மணல் மூட்டையைக் கண்டால் இன்றும் எங்கள் சனத்துக்கு ஒரு தைரியம் வரும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்தது இதனால்தான் நடந்தது.

மன்னாரிலிருந்து படகில் வந்தோம். மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனான் படகுக்காரன். அங்கிருந்து மண்டபம் முகாம். மண்டபத்திலிருந்து லாரியில் இங்கே. ஆறு மாதத்தில் ஊர் அமைதியாகிவிடும், திரும்பிவிடலாம் என்றார்கள். அதுவரை இருக்கத் தகரமும் தார் அட்டையும் தந்தார்கள். துளசி அந்தத் தார் அட்டைக்குக் கீழேதான் பிறந்தாள். இருபத்தைந்து வயது. கடல் தாண்டிய ஊரை அவள் பார்த்ததில்லை. ஷெல் சத்தத்தைக் கேட்டதில்லை. ஆனால் தீபாவளிக்கு எவனாவது அணுகுண்டு கொளுத்திப் போட்டால் அவளும் படுப்பாள். முகாமில் பிறந்த பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். எங்களைப் பார்த்துப் பழகியது. "இன்னாடி, இதுக்கே படுத்துக்கினியா" என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லி அவளும் சிரிப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்தார்கள். உங்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். பழைய தகரங்களைப் பிரித்தார்கள். மாலை போட்டுப் பூமி பூஜை. நாங்கள் கேசரி கிண்டிக் கொடுத்தோம். வீடு முடியும்வரை மைதானத்தின் ஓரத்தில் தற்காலிகக் கொட்டகை. மெல்லிய இரும்புக் குழாய், மேலே சிமெண்ட் ஷீட், நடுவில் பிளைவுட் தடுப்பு. அவசர நிதியில் கட்டியது. எவ்வளவு நாளைக்கு என்று இவர் கேட்டார். ஆறு மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதத்தை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம்.

வீடுகள் ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டம்வரை வந்தன. நின்றன. மேலே கம்பி நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே எருக்கஞ்செடி முளைத்தது. பணம் வரவில்லை என்றார்கள். ஆனால் கொட்டகைக்கு வரும். அதுதான் வயிற்றெரிச்சல். வருடம் தவறாமல் வரும். மழைக்கு முன் தார்ப்பாய். மழைக்குப் பின் ரொட்டி. பங்குனி பிறந்தால் குழாய்களுக்குப் பச்சைப் பெயிண்ட். துருவைச் சுரண்டாமல் துருவுக்கு மேலேயே அடிப்பார்கள். நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். கொட்டகைக்குக் கொட்டிய காசுக்கு எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட் போட்டிருக்கலாம் என்று கொத்து வேலைக்குப் போகிற எங்கள் ஆண்கள் அடித்துச் சொல்வார்கள். யார் காதில் போட்டுக்கொள்வது?

துளசி கர்ப்பமானதும் எனக்கு ஒரே நினைப்புதான். இந்தப் பிள்ளையாவது ஒரு கூரைக்குக் கீழே பிறக்க வேண்டும். நிஜமான கூரை. வீடு கட்டித் தருவதாகச் சொன்ன அதிகாரிகளின் அலுவலகத்துக்கு நடந்தேன். பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். போ, பார்க்கலாம், வா, பார்க்கலாம். எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், பிரசவத்துக்கு முன் வீடு வராது. ஆனாலும் நடந்தேன்.

புயலுக்கு முந்தைய நாள் ஒரு லாரி வந்தது. மணல் மூட்டைகள். ஷீட் பறக்காமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டுமாம். முன்னெச்சரிக்கை நடவடிக்கை. அவசர நிதி. காண்ட்ராக்டரின் ஆட்கள் ஏணி போட்டு ஏறி, ஷீட்டுக்கு இரண்டு மூட்டை என்று வைத்துக்கொண்டு போனார்கள். ஜூனியர் இன்ஜினியர் குடைக்குக் கீழே நின்றார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். பக்கத்துத் தடுப்பில் இருந்த பாலன் தானாகவே மேலே ஏறினான். "இப்பிடி வைக்கக் கூடாது தம்பி, மாத்தி மாத்தி அடுக்கவேணும்" என்று காண்ட்ராக்டர் ஆளிடமிருந்து மூட்டையை வாங்கி அடுக்கினான். மீதி மூட்டைகளையும் கேட்டு வாங்கினான். ஆண்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். ஊரில் பதுங்குகுழிக்குச் செய்த அதே வரிசை. இவரும் அதில் நின்றார். இன்ஜினியர் பார்த்துக்கொண்டிருந்தார். "வைங்க, வைங்க, இருந்தா சேஃப்டிதான்" என்றார். பாலனின் மனைவி ராணி அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இண்டைக்கு நிம்மதியா நித்திரை கொள்ளலாம் அக்கா." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஊரில் மூட்டைக்குக் கீழே பனங்குற்றி இருந்தது. இங்கே இருந்தது பெயிண்ட் அடித்த துரு. அன்று இரவெல்லாம் மழை. மணல் தண்ணீர் குடித்தது. மறுநாள் மதியம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நாங்கள் படுத்தோம். எவர் ஒருவர் வாசலுக்கு ஓடியிருந்தாலும் பிழைத்திருப்பார். வாசல் பக்கத்தில்தான் இருந்தது.

கூரை முதலில் நடுவில் வளைந்தது. பிறகு முழுவதும் வந்தது. ஷீட் உடையும் சத்தம் பெரிதாக இல்லை. அப்பளம்போல நொறுங்கியது. மூட்டைகள் விழும் சத்தம்தான். தொப். தொப். தொப். ஒவ்வொன்றாக. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளானூர்க்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற குமார் மழையில் வெறுங்காலோடு ஓடிவந்து ஷீட்டைத் தூக்கினான். "யக்கா, எங்க கீற? சத்தம் குடு யக்கா!" குடுத்தேன். என் தோளில் ஒரு மூட்டை. அதைத் தள்ளினான். "துளசி" என்றேன். அவன் இவரைப் பார்த்தான். இவர் அப்படியே ஊன்றிய நிலையில் இருந்தார். முதுகின் மேல் மூன்று மூட்டைகள். ஊன்றிய முழங்கைகள் சரியவே இல்லை. அடியில் துளசி "அப்பா, எழும்புங்கோ அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு குமார் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "இன்னாத்துக்குக்கா படுத்தீங்க? ரெண்டு எட்டு வச்சிருந்தா ரோட்டுக்கு வந்திருப்பீங்களேக்கா." அவன் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அவன் மனசு தாங்காமல் கேட்டான்.

அதே கேள்வியை அதிகாரியும் கேட்டார். எங்களைத் திருவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். விசாரணை.

"கரண்ட் வெடிச்சா வெளிய ஓடணும்னு தெரியாதாம்மா? எல்லாரும் ஏன் படுத்தீங்க?"

"ஓடினா சாவம் எண்டு பழகின சனம் ஐயா நாங்கள்."

"மூட்டையக்கூட நீங்களே கேட்டு வாங்கி அதிகமா அடுக்கினீங்களாமே?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஓம். கேட்டுத்தான் வாங்கினம். உங்கட இன்ஜினியர் பாத்துக்கொண்டு நிண்டவர். அந்தக் குழாய் தாங்குமா எண்டு பாக்கிறது அவற்ற வேலையா, பாலன்ர வேலையா?"

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ எழுதச் சொன்னார். என்ன எழுதினார் என்பது பேப்பரில் வந்தது: குடியிருப்போர் அனுமதியின்றிக் கூடுதல் பாரம் ஏற்றியதால் விபத்து. நாங்கள் எங்களையே கொன்றுகொண்டோமாம்.

பணம் வந்தது. வராது என்று நினைக்காதீர்கள். பிணத்தை எடுத்ததும் வந்துவிட்டது. அத்தனை வேகமாக அரசாங்கப் பணம் வந்து நான் பார்த்ததே இல்லை. மறுபடியும் அவசர நிதி. மறுபடியும் குழாய், ஷீட். அதே மைதானம். லாரி வந்து இறக்கும்போது நான் போய்க் குழாய்க் கட்டின்மேல் உட்கார்ந்தேன். பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். துளசியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் காசில அந்த வீட்டுக்குக் கூரை போடுங்கோ" என்றேன். கை நீட்டிக் காட்டினேன். லிண்டல் மட்டத்தில் நின்ற சுவர்கள் அங்கிருந்தே தெரிந்தன.

அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். பொறுமையாகப் பேசியதுதான் எனக்கு ஆத்திரம். "இது தற்காலிகச் செலவுக்கு ஒதுக்கின பணம்மா. நிரந்தரக் கட்டடத்துல போட்டா ஆடிட்ல நிப்பாட்டிடுவாங்க. ரூல் அப்படி."

துளசி எழுந்து நின்றாள். ஊர்ப் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சும் கலந்துதான் அவளுக்கு வரும். "அப்ப விழற கூரைக்குத்தான் காசு தருவீங்க. விழாத கூரைக்குத் தர மாட்டீங்க. அதான சார் உங்க ரூலு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்து எங்களைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். அடிக்கவில்லை. அதில் ஒருத்தி துளசியிடம் "பாத்து எழுந்திரும்மா" என்றாள். மாலைக்குள் குழாய்களை நட்டுவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் துளசிக்கு வலி வந்தது. குமாரின் ஆட்டோவில்தான் ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் குழந்தை. நல்ல எடை. தாத்தா முழங்கை ஊன்றிக் காப்பாற்றிய குழந்தை. ஆஸ்பத்திரிக் கூரை கான்கிரீட். மூன்று நாள் அதற்குக் கீழே இருந்தாள். பிறகு டிஸ்சார்ஜ். வேறு எங்கே கூட்டிப்போவது? முகாமுக்கு வெளியே வாடகைக்குப் போய்விட்டால் முகாம் பதிவு போய்விடும். பதிவு போனால் எங்களுக்கு எந்த நாடும் இல்லை. புதுக் கொட்டகைக்குத்தான் கொண்டுவந்தோம். நான் வேண்டிக்கொண்டது எங்களுக்கென்று ஒரு கூரை, ஆஸ்பத்திரிக் கூரை இல்லை; அது நடக்கவில்லை. அது நடந்ததாக எவரும் எழுதிவிடக் கூடாது.

போனவர்களைச் சொல்கிறேன்.

யோகராசா, என் கணவர். பெயிண்டர். அம்பத்தூரில் பாதி பங்களாக்களுக்கு அவர் அடித்த பெயிண்ட் இன்னும் இருக்கிறது. பாலன். ராணி. இரண்டு பேரும் கைகோத்தபடி கிடந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, கொள்ளி போட, புயலன்று வெளியூர் வேலையில் இருந்த துளசியின் கணவன்தான் போனான். கடைசித் தடுப்பில் இருந்த செபமாலை என்கிற கிழவர், ஆஸ்பத்திரியில், ஒரு வாரம் கழித்து. என் வலது தோள், இனிமேல் குடம் தூக்காது. தையல் மெஷின். மகளின் கல்யாணப் போட்டோக்கள். அண்ணனுடைய ஒரே போட்டோ, கடல் தாண்டிக் கொண்டுவந்தது.

வீட்டையும் சேர்த்துக்கொள்ளப் போனேன். வீடு இடிந்தவர்களுக்கு நிவாரணம் உண்டு என்று குமார் சொன்னான். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். மெல்லத்தான் சொன்னாள். "அது வீடு இல்லையேம்மா. தற்காலிகக் கொட்டகைதானே." அவள் சொன்னது சரிதான். எங்களில் ஒருவர்கூட வீட்டை இழக்கவில்லை. இழப்பதற்கு ஒரு வீட்டை இந்த இருபத்தைந்து வருடத்தில் எங்களுக்கு எவரும் தரவில்லை.