ஏற்றாத பதிப்பு

மென்பொருளில் புதுப் பதிப்பு வந்ததும் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஒரு நிரல் தொகுப்பை மாற்றினால் அதை நம்பியிருக்கும் நான்கு தொகுப்புகள் படுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு அப்படி ஆனது. எங்கள் அலுவலகத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு: ஏற்றிக் கெடுத்தவரின் திரையில் ஒரு வாரம் ரப்பர் கரப்பான்பூச்சி ஒட்டியிருக்கும். பல பேர் கைபட்டுப் பிசுபிசுத்த பூச்சி. என் திரையில் ஒட்டியவர் மேலாளர். சாப்பிட்ட கையைக் கழுவாமல், என் கீபோர்டில் ஊன்றிக்கொண்டு.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தளவைச் சொல்லும். அந்தக் கணக்கைப் போடும் தொகுப்பு வெளியார் எழுதியது. எடை ஒரு கிலோவுக்குக் கீழே போனால் அளவு பத்து மடங்காக வருகிறது, புதுப் பதிப்பில் சரிசெய்துவிட்டோம் என்று அவர்களே அறிவித்தார்கள்.

“சார், இதை உடனே ஏத்தணும்.”

“ஓடுறத ஏம்மா நோண்டுற? வீட்டுக்கே முதல் பட்டதாரி, எல்லாம் புதுசாத்தான் வேணும் போல.”

பல்லிடுக்கைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் படிக்கவைக்க என் அம்மா பேருந்து நிலையக் கழிவறை கழுவினாள். அவர் வாயிலிருந்து வந்த நாற்றம் அவள்மேல்கூட அடித்ததில்லை.

வேண்டாம் என்பதை மடலிலும் எழுதி அனுப்பினார். மறுநாள் சம்மதித்ததை மட்டும் லிஃப்ட் வாசலில் வாயால் சொன்னார்: “சரி தாயே, ஏத்தித் தொலை.” கூட யாருமில்லை.

சோதனை அன்று மாலையே முடிந்தது. எதுவும் கெடவில்லை. நான் ஏற்றவில்லை. ஒரே ஒருமுறை தப்பு நடக்கட்டும் என்றிருந்தேன். இரண்டு நாள் கழித்து, “ஏத்திட்டியா?” என்று கேட்டார். “ஏத்திட்டேன் சார்” என்றேன்.

ஒன்பதாம் நாள், குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை. எண்ணூறு கிராம். செவிலியர் திரையை நம்பினார். நம்பச் சொல்லித்தானே விற்றோம்.

விசாரணையில் மடலை நீட்டினேன்.

“வாயால சொன்னேனேம்மா. ஏத்திட்டேன்னு நீதான சொன்ன?”

அழுதார். மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டேன்.

“நான் அப்படி எதுவும் சொல்லல சார்” என்றேன்.

இப்போது அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். எந்தப் பதிப்பும் ஒரு நாள்கூடத் தாமதமாவதில்லை. அந்தக் குழந்தை போனதால் வந்த ஒழுங்கு இது. அதன் தாயிடம் யாராவது இதை எடுத்துச் சொன்னால் ஆறுதலாக இருக்கும்.