பொட்டுக்கடலை

எலிகளுக்குப் பொட்டுக்கடலை என்றால் உயிர். வெள்ளெலிகளைச் சொல்கிறேன். பிஸ்கட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும், பொட்டுக்கடலைக்கு மட்டும் இரண்டு கையையும் நீட்டும். நீங்கள் விசாரிக்க வந்தவர், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

சிதம்பரம் ரோட்டில் இருக்கும் அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது என் வேலை. முதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நஜியா மேடம் ஒரு வலி மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அபின் சேராதது, பழக்கமாகாது, எலிக்குக் கேட்டால் அடுத்து மனிதருக்கு. எலியின் தொடை நரம்பை நூலால் கட்டிவிட்டால் அந்தக் கால் மாதக்கணக்கில் வலிக்கும். அப்புறம் பாதத்தை நைலான் இழையால் தொட வேண்டும். காலை வெடுக்கென்று இழுத்தால் வலி இருக்கிறது. இழுக்காவிட்டால் மருந்து கேட்கிறது. ஆள் பற்றாக்குறை, அதனால் ஊசி போடுவதும் நான், தொடுவதும் நான்.

மருந்து கேட்கவில்லை. எல்லா எலியும் காலை இழுத்தது. கூடத்தை மூடிவிடுவார்கள் என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் என் மனைவி ஜெயராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். பஸ் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படித்தான். "ஒங்க மேடம் மருந்து வந்தா எனக்கும் வாங்கியாங்க" என்பாள். எனக்கு யாரும் அழுதால் தாங்காது, அது என் சுபாவம்.

அதனால் மருந்து போட்ட எலிகளுக்குக் கொஞ்சம் பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். காலை இழுத்தால் மூக்கில் ஒரு சுண்டு. இழுக்காமல் நின்றால் பொட்டுக்கடலை. எலி மாதிரி புத்திசாலி கிடையாது, வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டன. மருந்தும் கேட்டது. கூடத்தில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். மேடம் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், மனசு நிறைந்துபோயிற்று.

மருந்து தீர்ந்துபோன ஒரு வாரத்தில் மேடம் தானே இழையை எடுத்துத் தொட்டுப் பார்த்தார்கள். எலி அசையவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது.

"அண்ணே, இதுக்கு மருந்தே போடலயே. ஏன் கால இழுக்கல?"

"பழகிடிச்சி மேடம்."

"கண்ணப் பாருங்கண்ணே. பாதி மூடியிருக்கு பாருங்க. வலிக்குதுண்ணே அதுக்கு."

அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். செய்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் காலை இழுக்காவிட்டால் வலி இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களைப் போல படித்தவர்கள்தான். கண்ணைப் பார்க்கச் சொல்லி அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்த மருந்தை ஜெயராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை. அவளுக்கு மருந்தே தேவைப்படவில்லை. முனகிய நாளில் நான் அவளோடு பேசுவதில்லை, சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிடுவேன். முனகாத நாளில் மல்லிகைப்பூ வாங்கி வருவேன், வண்டியில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். அடிக்கவெல்லாம் மாட்டேன், அவள் என்ன எலியா. இப்போது வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அவ்வளவு நிம்மதி.

நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பாருங்கள். உங்களுக்குச் சிரித்த முகமாகக் காபி கொண்டுவந்து தருவாள். கண் மட்டும் கொஞ்சம் பாதி மூடினாற்போல் இருக்கும், அது தூக்கக் கலக்கம்.