வெள்ளிக்கிழமைத் தண்ணி

— பம்ப்பை நிறுத்தினியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.

— நிறுத்தியாச்சுங்க. மூணாவது தடவை கேக்கறீங்க.

— ஓடுற பம்ப்புல வால்வைத் திருப்பினா உள்ள இருக்கற ரப்பர் போயிடும், தாயே. அப்புறம் நாலு மணிக்குக் குளத்து மேனேஜர் வந்து என் தோலை உரிச்சிடுவாரு.

— கட்டுப் போட்ட கையை ஆட்டாம அந்த நாற்காலியில உக்காருங்க. அடுத்தது என்ன?

— கைப்பிடியை அமுக்கித் திருப்பி 'பேக்வாஷ்'ல வை. வெளியே போற குழாயைத் திற. இப்போ பம்ப்பைப் போடு. பக்கத்துல சின்னக் கண்ணாடி இருக்கு பாரு, அதுல தண்ணி எப்படித் தெரியுது?

— டீ மாதிரி.

— வாரம் பூரா பசங்க நீச்சல் குளத்துல குதிச்ச அழுக்கு, தண்ணியைத் திருப்பி விட்டதும் ஃபில்டருக்குள்ள இருக்கற மணல்ல இருந்து கிளம்பி வருது. தெளியற வரைக்கும் ஓடட்டும். ஏம்மா, உனக்குப் பயமா இல்லியா?

— எதுக்கு?

— இன்னிக்குத் தண்ணி கலங்கினா மேனேஜர் வேற ஆளைப் போட்டுடுவாரு. இந்தத் தோள் இனிமே கைப்பிடி திருப்பாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. பதினாறு வருஷ வேலை, பாரு, இப்போ உன் கையில இருக்கு.

— இருக்கட்டும், கீழ போட்டுட மாட்டேன். தண்ணி தெளிஞ்சிருச்சுங்க.

— பம்ப்பை நிறுத்து. நிறுத்திட்டு 'ஃபில்டர்'ல வை. அவ்வளவுதான், முடிஞ்சுது.

— வைக்க மாட்டேன்.

— என்னது?

— 'ரின்ஸ்'ல ஒரு நிமிஷம் ஓட்டாம ஃபில்டருக்குப் போக மாட்டேன். கிளறின மணல் படியணும். குழாயில நிக்கற அழுக்கு வெளியே போகணும். இல்லேன்னா அத்தனையும் குளத்துக்குள்ளதான் போகும்.

— அடேங்கப்பா, பெரிய இன்ஜினியர்! நான் ஒருநாளும் அதுல வச்சதில்ல. ஆனா பாரு, ரெண்டு வருஷமா என் தண்ணி பளிங்கு.

— அதுக்கு முன்னாடி?

— முன்னாடி... கொஞ்சம் கலங்கும். மறுநாள் சரியாயிடும்.

— ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை சாப்பாடு கொண்டு வர்றது யாரு?

— நீதான்.

— பேக்வாஷ் முடிச்சு, பம்ப்பை நிறுத்திட்டு, சாப்பிட்டு, அப்படியே குறட்டை விடுவீங்க. எழுந்து ஃபில்டர்ல வைப்பீங்க. நடுவுல ஒரு நிமிஷம் ரின்ஸ் போட்டு, கைப்பிடியைப் பழையபடி திருப்பி வச்சது நான். வால்வு மேலயே எழுதியிருக்கு, படிச்சேன், செஞ்சேன். உங்க மனசு நோகும்னுதான் சொல்லலை. ஏங்க, கோவமா?

— அந்த பம்ப் போடற சத்தத்துல யாராவது தூங்க முடியுமா?

— அப்போ... தூங்கலையா நீங்க?

— முதல் தடவை முழிச்சுப் பார்த்தேன். நுனி விரல்ல நடந்து வந்து, கைப்பிடியைத் திருப்பிட்டு, நான் முழிச்சுக்குவேனோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. அந்த அழகைக் கெடுக்க மனசு வரலை. அன்னியில இருந்து குறட்டை எல்லாம் நடிப்பு.

— திருட்டு மனுஷா! அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு என் உயிரை வாங்கினீங்க?

— உன் வாயால ஒரு தடவை சொல்லுவியான்னு பார்த்தேன்.

— சொல்லியாச்சு. நகருங்க, ரின்ஸ் போடணும். நாலு மணிக்கு அந்த மேனேஜர் தண்ணி பார்க்க வர்றாரு.

— தண்ணி பார்க்க வரலை, தாயே. நேத்தே போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலை உன் பேர்ல. கையெழுத்து வாங்க வர்றாரு. அடுத்த வெள்ளிக்கிழமையில இருந்து சாப்பாடு நான் கொண்டு வர்றேன்.