காபி படாத பக்கம்

காபியை நான்தான் கொட்டினேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பிறந்ததிலிருந்து கோப்பை பிடிக்கிற கை, இன்னும் பழகவில்லை. தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் நம் நாணயச் சங்கம் கூடிய ஒரு செவ்வாய்க்கிழமை, காசுகளின் அச்சுப் பிழைகளுக்கென்று நம்மிடம் இருந்த ஒரே படப்புத்தகத்தின் மேல் முழுக் கோப்பையும் கவிழ்ந்தது. மாவிஸ், செயலாளர் என்ற முறையில் நீங்கள் கேட்டுவிட்டதால் மீதியையும் சொல்கிறேன். நனைந்தது அட்டையும் முன்னுரையும் மட்டும். முன்னுரையை நம்மில் ஒருவரும் படித்ததில்லை.

அன்று டெல்பர்ட் ஒரு சென்ட் காசோடு வந்திருந்தான். 1969, சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. பெட்ரோல் பங்கில் கொடுத்த சில்லறையில் வந்ததாம்.

"எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடா ஓரின். கோளாறு காசுலயா, என் கண்ணுலயா?"

இரண்டிலும்தான். அவனுக்கு விழித்திரை கெட்டுக்கொண்டு வந்தது. வருஷக் கடைசிக்குள் நடுப்பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் காசைப் புத்தகப் படத்தின் பக்கத்தில் வைத்துத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

காசு அடிக்கிற அச்சைச் செய்யும்போதே எழுத்து இரட்டையாக விழுந்திருந்தால் அபூர்வம். காசை அடிக்கும்போது அச்சு ஆடி இரட்டையானால் அது வெறும் ஒரு சென்ட். வெறுங்கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். படத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். எனக்குப் படம் தேவைப்படவில்லை. லென்ஸை வைத்ததுமே அபூர்வம் என்று தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக வங்கியில் காகிதத்தில் சுற்றிய சில்லறைச் சுருள் வாங்கி, பிரித்து, இந்தக் காசைத் தேடி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். என் தலையைக் கண்டாலே வங்கிப் பெண்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போவார்கள். டெல்பர்ட் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அந்தப் பக்கம் காபில ஒட்டிக்கிச்சு. காயவெச்சு எடுத்துட்டு வரேன்" என்றேன்.

வீட்டில் அந்தப் பக்கத்தை பிளேடால் எடுத்தேன். பிரிக்கும்போது கிழிந்துவிட்டதாகச் சங்கத்தில் சொன்னேன். ஒரு காசைத் தப்பாக அடையாளம் சொல்வதைப் போல் பாவம் நம் வட்டாரத்தில் வேறு கிடையாது. நான் நிதானமாக இருந்தேன், அவ்வளவே.

உதவியும் செய்தேன். கொலம்பஸ் நகர நூலகத்திலிருந்து அதே புத்தகத்தின் பழைய பதிப்பை வரவழைத்துக் கொடுத்தேன். அது 1964-ஓடு முடிந்துவிடும். அவன் கடைசிப் பக்கம் வரை புரட்டினான்.

"இணையத்துல பாத்தா என்னடா?"

"அதுல கண்டவனும் கண்டதைப் போடுவான். நம்பாதே."

வாராவாரம் டோனட் பொட்டலத்தோடு வந்தான். "இன்னிக்காவது கெடைச்சுதா?" என்பான். ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டால், "உன் மூஞ்சி மங்கலாத் தெரியறப்ப நல்லாத்தான் இருக்கு, அதான்" என்பான். கோடையில் விளக்கை நெருங்கி உட்கார்ந்தான். இலை உதிரும் காலத்தில் காசைக் கடைக்கண்ணோரம் சாய்த்துப் பிடித்தான். பனி விழுந்தபோது அவன் மகள் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள்.

அன்று காசை என் உள்ளங்கையில் வைத்தான். "இனி நீயே பாத்துச் சொல்லுடா."

பார்த்தேன். "அச்சு ஆடியிருக்கு. வெறும் சென்ட்டுதான்" என்று சொல்லி ஒரு காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவும் 1969-தான். அந்த அளவுக்கு நான் நேர்மையானவன்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் காபி போடப் போயிருந்தீர்கள். டெல்பர்ட் மேஜையைத் தடவி அந்தப் புத்தகத்தை எடுத்தான். விரலால் ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றான்.

"சுத்தி ஒரு தாளும் நனையலியே. இது கிழிஞ்சது இல்லடா. சீவினது."

நான் மறுக்கவில்லை. அவன் காசு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

"எப்பலேர்ந்து சந்தேகம்?"

"மொத வாரத்துலேர்ந்து."

"அப்புறம் ஏண்டா வந்துக்கிட்டே இருந்தே?"

டோனட்டைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"எம் பொண்ணு அப்பவே இணையத்துல பாத்துட்டா. நெசமான காசுதான், நீ முப்பது வருஷமாத் தேடறது. உன்கூட உக்காந்து, படத்தோட வெச்சு ஒரு தடவை பாத்துட்டு, உங்கிட்டயே குடுத்துடலாம்னு வந்தேன்."