ரெண்டு நிமிஷ டாக்டர்

மாயவன்: ரெண்டே நிமிஷம்தான் பவானி... டாக்டரு சாப்புடப் போயிருக்காரு இல்ல? அந்தச் சேர்ல போய்க் குந்து.

பவானி: அப்பா! இன்னா பேசற நீ? நான் இங்க லேப்ல வேலை பாக்கறவ.

மாயவன்: மெதுவா... சின்னக்கண்ணு வெளிய பெஞ்சில குந்திக்கினு இருக்கான்.

பவானி: மாமாவா? அவர ஏன் இட்டாந்த?

மாயவன்: நான் எங்க இட்டாந்தேன்? காலையிலேர்ந்து ஒரே பேஜாரு. மரக்காணத்துல நான் பஸ் ஏறினா அவனும் கூடவே ஏறிக்கினான். உம் பொண்ணுகிட்டத்தான் காட்டணும்னு...

பவானி: திண்டிவனத்துல வேற டாக்டரே இல்லியா?

மாயவன்: நம்ம குப்பத்து டாக்டர் இருக்கசொல்ல வேற யாரு எனக்குன்றான்.

பவானி: ஊர்ல என்னை இன்னான்னு சொல்லி வெச்சிருக்க?

மாயவன்: இன்னான்னு... அதான்.

பவானி: எதான்?

மாயவன்: டாக்டர்னு.

பவானி: விழுப்புரத்துல ரெண்டு வருஷம் லேப் டெக்னீசியன் படிச்சேன். அதச் சொல்ல உனக்கு வாய் வரலியா?

மாயவன்: ஆசுபத்திரிப் படிப்புன்னுதான் சொன்னேன். அவங்களே டாக்டராக்கிட்டாங்க. கேக்க நல்லா இருந்துது... சும்மா இருந்துட்டேன். நீ மட்டும் இன்னாவாம்? மாசித் திருவிழாவுக்கு வரசொல்ல இந்த வெள்ளக் கோட்ட எதுக்கு எடுத்தாந்த?

பவானி: துவைக்கத்தான்.

மாயவன்: துவைச்சு, தெருப்பக்கக் கொடியில காயப்போட்டியே... நான் பாக்கலன்னு நெனச்சியா?

பவானி: ...சரி விடு. மாமாவுக்கு இன்னா?

மாயவன்: திருவிழாவப்ப உங்கிட்ட கால காட்டினானே... கிளிஞ்சல் கிழிச்ச புண்ணு...

பவானி: ஆறலியா?

மாயவன்: பாண்டிச்சேரில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. சக்கரையாம். மூணு மாசம் ஆவுது.

பவானி: மூணு மாசமா எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?

மாயவன்: எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? புண்ணு நாறுதுன்னு அவன் மரக்காணத்து ஆசுபத்திரிக்குக் கெளம்பினான். நான்தான் நிறுத்தினேன். எம் பொண்ணே மருந்து குடுத்துட்டா, அவளுக்கு மேல எவன் இருக்கான்னு... சண்ட போட்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

பவானி: அய்யோ அப்பா...

மாயவன்: இப்ப ஒண்ணுமில்ல. திரும்பக் கடலுக்குப் போலாமான்னு உன்னக் கேக்கணுமாம். டாக்டர் சேர்ல குந்தி, போலாம்னு ஒரு வார்த்த சொல்லு. ஜல்தியா இட்டுக்கினு போயிடறேன்.

சின்னக்கண்ணு: டாக்டரம்மா... உள்ள வரலாமா?

மாயவன்: இருடா! கூப்புடறேன்.

பவானி: வாங்க மாமா. பாத்து... கைய குடுங்க.

சின்னக்கண்ணு: வேல நேரத்துல தொந்தரவு பண்றேன். அன்னிக்கு நீ குடுத்த ஆயின்மெண்ட் நல்ல மருந்துதாம்மா. நான்தான் கேக்காம அந்தக் காலோட கடல்ல எறங்கிட்டேன். உன்மேல தப்பில்ல.

மாயவன்: அதான், அவனே சொல்றானே... பவானி, வாணாம்.

சின்னக்கண்ணு: இன்னாடா வாணாம்?

மாயவன்: ஒண்ணுமில்லடா, நீ...

பவானி: நான் டாக்டர் இல்ல மாமா. ரத்தம் எடுத்துச் சக்கர பாக்கறவ. தெனம் நாப்பது பேருக்குப் பாக்கறேன். இருபது நாளா புண்ணு ஆறல, தூங்க முடியாம ஆறு வாட்டி ஒண்ணுக்குப் போறேன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. லேபுக்கு வாங்க, நானே ரத்தம் எடுக்கறேன்னு சொன்னா... நான் யாருன்னு குப்பத்துக்கே தெரிஞ்சிடும். அந்த வெக்கத்துலதான் ஆயின்மெண்ட குடுத்து அனுப்பினேன்.