பத்து வருடத்துக்கு மேல் கட்டம் இல்லை

எங்கள் ஊரில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை. மூலத்தைப் பற்றிப் பேசுவார்கள். மூத்திரம் சொட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போதே சட்டையைத் தூக்கித் தையல் தழும்பைக் காட்டி, "ஆறிடுச்சா பாருங்க மார்லிஸ்" என்பார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேய்லின்தான் முதலில் கேட்டாள். அவள் கேட்டதால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயரும் வயதும் உங்கள் தாளில் இருக்கின்றன. மார்லிஸ் வாண்டர்வோர்ட், அறுபத்தொன்று. பதினைந்து வருடம் நர்ஸ், அதன்பிறகு மேலே படித்து இருபத்திரண்டு வருடம் நர்ஸ் பிராக்டிஷனர். வெல்டன் கிரீக்கில் டாக்டர் கிடையாது. நெப்ராஸ்காவின் இந்தக் கோடிக்கு எந்த டாக்டரும் வந்து தங்கியதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் நாங்கள்தான். பெரிய ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல். நடுவில் மாடுகளும் காற்றும்தான்.

கேய்லின் ஆஸ்ட்ராண்டர் போன வருடம் மார்ச்சில் டென்வரிலிருந்து வந்தாள். இருபத்தேழு வயது. படிப்பை முடித்து எட்டு மாதம். நல்ல பெண். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்வதையெல்லாம் ஒரு பச்சை நோட்டில் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்வாள். முதல் மூன்று மாதமும் அவளுக்கு நான் எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஊர்க்காரர்கள் "கொஞ்சம் சரியில்ல" என்றால் சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம், "உயிர் போகுது" என்றால் பல்வலி, என்று நான் சொன்னபோது சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

ஜூன் முதல் வாரம். மதியம், சாப்பாட்டு அறையில் நான் சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

"மார்லிஸ், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்" என்றாள். "எனக்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் டாலர் போட்டிருக்காங்க. வந்து சேர்ந்ததுக்குன்னு தனியா ஒரு இருபதாயிரம். இந்தப் பக்கத்துக்கு அது கம்மியா? டென்வர் ஃபிரெண்ட்ஸெல்லாம் ஏமாந்துட்டேன்னு சிரிக்கிறாங்க. உங்க அளவுக்குக் கேக்கல. உங்க அனுபவம் எங்க, நான் எங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"நல்ல சம்பளம்தான் கண்ணு" என்றேன்.

என் சம்பளம் தொண்ணூற்றாறாயிரத்து நானூறு டாலர்.

நான் கோபப்படவில்லை. இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். ஏதோ கணக்குத் தவறு என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே எங்கள் சின்ன மருத்துவமனையின் மேலாளர் டுவேன் ஹ்ரூஸ்காவைப் போய்ப் பார்த்தேன். டுவேனை அரைக்கால்சட்டை போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவன் மகன் காதுக்குள் போட்டுக்கொண்ட மக்காச்சோள மணியை நான்தான் எடுத்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டு கணினித் திரையை என் பக்கம் திருப்பினான்.

"பாருங்க. இது நான் போட்டதில்ல. தலைமை அலுவலகத்துல ஊரு ஊரா விசாரிச்சுப் போடுறாங்க. சாக்ரமெண்டோவில ஒரு லட்சத்து எண்பது. ஒமாஹாவில ஒரு ரேட்டு, நமக்கு ஒரு ரேட்டு. இந்தப் பொட்டல்காட்டுக்கு வெளியாள் ஒருத்தரை வரவைக்கணும்னா அள்ளிக் கொடுத்தாத்தான் வருவாங்க. அது இடத்துக்கான காசு."

"நானும் இதே இடத்துலதானே இருக்கேன் டுவேன்?"

"நீங்க ஏற்கனவே இங்க இருக்கீங்களே."

அனுபவத்துக்கு என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை. பத்துக்கு மேல் கட்டம் இல்லை. என்னுடைய கடைசிப் பன்னிரண்டு வருடத்தை வைப்பதற்கு அந்தத் திரையில் இடமே இல்லை.

"நான் எழுதிப் பார்க்கிறேன்" என்றான். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஜெரால்டு முதியோர் இல்லத்துல இருக்காரு. அவரை விட்டுட்டு நீங்க எங்க போயிடப் போறீங்க?" என்றான்.

ஜெரால்டு என் கணவர். பதினோரு வருடமாக நடுக்குவாதம். நான்கு தெரு தள்ளி இருக்கிற இல்லத்தில் படுத்திருக்கிறார். நான் ஊட்டினால்தான் விழுங்குவார். டுவேன் சொன்னது சரிதான். சரியான விஷயத்துக்குக் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

அதன்பிறகு நான் நிதானமாக யோசித்தேன். ஒரு கடையில் பத்துப் பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு இருபத்திரண்டை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் என்ன? அவர்கள் எனக்குப் பத்து வருடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். மீதிப் பன்னிரண்டும் என்னுடையவை. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். இன்றைக்கும் இதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நீங்கள் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், உங்களுக்கே புரியும்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கேய்லின் கேட்டால் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். புத்தகத்தில் இல்லாததைச் சொல்லவில்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதையும் நன்றி சொல்லி எழுதிக்கொண்டாள்.

லீலாண்ட் பாஸ்பிஷில் அக்டோபரில் வந்தார். அறுவடை உச்சத்தில் இருந்தது. அறுவடை நேரத்தில், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு மதியம், ஒரு விவசாயி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வருகிறான் என்றால் அதுவே பாதி நோயறிதல். கேய்லினுக்கு அது எப்படித் தெரியும்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பழைய சிநேகம். வலது மணிக்கட்டில் நாடி உதைத்தது. இடது மணிக்கட்டில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

"என்ன லீலாண்ட், சோளத்தை யாரு பார்க்கிறது?"

"முதுகுல கொஞ்சம் சரியில்ல மார்லிஸ். போகலைன்னா வீட்டுக்காரி சோறு போடமாட்டாளாம்."

நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உட்புறமாகக் கிழிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாடியை முப்பத்தேழு வருடத்தில் இரண்டு முறை பிடித்திருக்கிறேன். ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்.

கேய்லின் ஈ.சி.ஜி. எடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்களுக்கு அவரை ரொம்ப நாளாத் தெரியும். ஒரு தடவை பார்க்கிறீங்களா?"

"நீ பார்த்துட்டே இல்ல? உன் முடிவு சரியாத்தான் இருக்கும்" என்றேன். பாராட்டாக எடுத்துக்கொண்டாள். தசைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினாள். பொழுது சாயும் முன்பே வயலில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் இருக்கையிலேயே இறந்துபோனார். இயந்திரம் வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்தில் போய் நின்றதாம்.

நான் லீலாண்டின் சாவை விரும்பவில்லை. அவர் மனைவிக்கு இரண்டு பிரசவம் பார்த்தவள் நான். நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. டுவேன் என் அறைக்கு வருவான், "மார்லிஸ், நீங்க பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?" என்று கேட்பான், ஆமாம் என்பேன், அப்போது அவனுக்கு அந்தக் கட்டங்கள் நினைவுக்கு வரும். அவன் வந்தான். வாசலில் நின்று, "பாவம். யாருக்குத் தெரியும், இல்ல?" என்றான்.

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

ஆக, ஒரு முறை நடந்தால் அது விதி என்று விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒன்று போதாது.

உங்கள் கோப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அதில் இல்லாத மூன்றாவது பெயர், நவம்பர் கடைசி வாரத்தில் ஆர்வில்லா குசேரா என்று ஒரு அம்மாள். எழுபத்துநான்கு வயது, சிறுநீரகம் கெட்டது. அவர் மாத்திரைகளை நீங்கள் மறுபடி பார்ப்பது நல்லது. இரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று சேரக்கூடாது. கேய்லின் சேர்த்து எழுதியதை நான் பார்த்தேன். வயதானவர் என்பதால் இறந்தபோது யாரும் எதையும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நான் பொய் சொல்கிறவள் இல்லை.

இனி ஜோஸி. அதற்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள், தெரியும்.

ஜனவரி. பள்ளிக்கூடத்தில் வாந்தி பரவியிருந்த வாரம். பள்ளி உணவகத்தில் சமைக்கும் ரெனே தில்மன் தன் மகள் ஜோஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்றால் பாருங்கள். நான் தாழ்வாரத்தில் அவர்களைக் கடந்து போனேன். குழந்தையின் மூச்சில் அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாசனை வந்தது. உடம்பில் சர்க்கரை ஏறி ரத்தம் புளித்துப்போனால் வரும் வாசனை அது. சிலருடைய மூக்குக்கு அது எட்டாது. கேய்லினுக்கு எட்டவில்லை. அது அவள் குற்றமில்லை.

ஆனால் லீலாண்டுக்குப் பிறகு அவளுக்குப் பயம் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பாள். என்னிடம் ஓடிவந்தாள். "மார்லிஸ், பிள்ளை ரொம்ப வாடிப்போயிருக்கு. தண்ணி தண்ணின்னு கேக்குதாம். விரல்ல ஒரு சொட்டு எடுத்து சர்க்கரை பார்த்துடட்டுமா?"

பாருங்கள், அவளாகவே வந்துவிட்டாள். எட்டு மாத அனுபவமும் இங்கே இருந்த பத்து மாதமும் சேர்ந்து அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டன. நான் பேசாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பாள்.

"ஊரே வாந்தி எடுக்குது" என்றேன். "அழுது ஓஞ்சு கிடக்கிற பிள்ளையை எதுக்குக் குத்தணும்? வாய்வழியா தண்ணி கொடுக்கச் சொல்லு. நாளைக்குச் சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பச்சை நோட்டை எடுத்து எழுதினாள். பதினொன்று நாற்பது. நான் ஜெரால்டுக்குச் சாப்பாடு ஊட்டப் போனேன்.

மறுநாள் காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை. பனிக்காற்றில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் அறுபதாவது மைலில் முடிந்துவிட்டது.

அதன்பிறகு நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. கேய்லின் வேலையை விட்டாள். அவள் உரிமத்தின் மேல் விசாரணை வந்தது. டுவேன் என் வீட்டுக்கே வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம். தலைமை அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கியிருந்தான். "அனுபவம்னா என்னன்னு இப்பத்தான் புரியுது" என்றான். கையெழுத்துப் போட்டேன். அந்த வாரம் ஜெரால்டை ஜன்னல் இருக்கிற தனியறைக்கு மாற்றினேன்.

கேய்லின் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் அந்த நோட்டை உங்களிடம் கொடுத்தது என்னைக் காப்பாற்றத்தான். "மார்லிஸ் மேல எந்தத் தப்பும் இல்ல, எனக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாங்கன்னு நீங்களே பாருங்க" என்றாளாமே. அவளுக்கு இன்னும் புரியவில்லை. நீங்கள்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தீர்கள். மே மாதம் வரை நான் சொன்னதெல்லாம் சரி, ஜூனுக்குப் பிறகு ஒன்றுகூட உருப்படியில்லை என்று கண்டுபிடித்தீர்கள். நல்ல வேலை. இந்த வேலையில் உங்களுக்கு எத்தனை வருடம்?

சொல்ல வேண்டாம், பரவாயில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஜோஸியின் அடக்கத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். ஊர்ப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் உருளைக்கிழங்கு கொண்டுபோயிருந்தேன். ரெனே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு நீங்க மட்டும் பார்த்திருந்தா என் பிள்ளை இருந்திருக்கும் மார்லிஸ். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஊரில் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாம் ரெனே. தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளைவிட அதிகமாக நான்தான் அழுதேன். துக்கத்தில் அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள்.

மற்றதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். குழந்தைக்கு என்ன செய்தாய் என்று நீங்கள் காலையிலிருந்து நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். நான்கு முறையும் சொன்ன அதே பதிலைத்தான் சொல்வேன், அதை மட்டும் என் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.